சந்தூர் மாங்கன்று நர்சரிக்கு வெப்சைட்: எந்த சி.எம்.எஸ்., ஏன்?

போச்சம்பள்ளி பக்கம் சந்தூர் என்றால் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஒட்டு மாங்கன்றுக்குப் பேர்போன ஊர். அங்கே நர்சரி நடத்தும் ஒரு அண்ணனுக்குச் சமீபத்தில் வெப்சைட் செய்து கொடுத்தேன். டிசைனுக்குப் பெரிதாக நேரம் போகவில்லை. எந்த சி.எம்.எஸ்.ஸில் கட்டுவது என்று முடிவு செய்யவும், முடிவு செய்ததைத் தமிழுக்கு ஏற்றபடி சரிப்படுத்தவும்தான் நேரம் போனது. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் இதே வேலையைச் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்று விவரமாக எழுதுகிறேன்.

சி.எம்.எஸ். என்றால் கோடிங் தெரியாதவர்களும் லாகின் செய்து, எழுத்தையும் படத்தையும் தாங்களே மாற்றிக்கொள்ள வழி செய்யும் மென்பொருள். வேர்ட்பிரஸ், ஜூம்லா, டுருபல், பிளாகர், விக்ஸ் எல்லாம் இந்த இனம்தான்.

அண்ணனுக்கு ஏற்கனவே ஒரு சைட் இருந்தது. பெங்களூரில் யாரோ செய்து கொடுத்தது. டொமைன், அதாவது சைட்டின் முகவரிப் பெயர், அவர்கள் பேரில் பதிவாகியிருந்தது, பாஸ்வேர்டும் அவர்களிடம்தான். விலை மாற்ற வேண்டும் என்றால் போன் பண்ண வேண்டும். கொஞ்ச காலத்தில் அந்தப் போனையும் எடுப்பதில்லை. டொமைன் காலாவதியாகி, சைட்டும் போய்விட்டது. அதனால் இந்த முறை அண்ணன் வைத்த நிபந்தனை இரண்டே இரண்டு. "விலைய நாங்களே மாத்திக்கணும் தம்பி. எல்லாம் எங்க பேர்ல இருக்கணும்." நான் பல வியாபாரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாகக் கேட்டவர்கள் குறைவு.

அழைப்பு நோட்டிலிருந்து ஆரம்பம்

முதல் நாள் மென்பொருள் பேச்சே எடுக்கவில்லை. கணக்கு, போன், வாட்ஸ்அப் மூன்றும் அண்ணி பொறுப்பு. யார் எதற்கு அழைத்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கிறார். அதைப் புரட்டிப் பார்த்தோம். திரும்பத் திரும்ப வருவது நாலைந்து கேள்விகள்தான். என்னென்ன ரகம் இருக்கிறது, கன்று என்ன விலை, ஏக்கருக்கு எத்தனை வைக்கலாம், வண்டி ஏற்பாடு செய்வீர்களா, எப்படி வருவது.

ஏக்கருக்கு எத்தனை என்பதற்கு அண்ணியிடம் மனப்பாடமான பதில் உண்டு. 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்கு 40 கன்று. அடர்நடவாக 5 மீட்டருக்கு 5 மீட்டர் என்றால் 160. ஒட்டுக்கட்டு மண்ணுக்குள் போகாமல் நட வேண்டும், ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும் என்பதையும் வாங்கிப் போகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறார். இதெல்லாம் ஒரு பக்கத்தில் இருந்தால், கேட்பவருக்கு லிங்க் அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

விலை விஷயம் அப்படியில்லை. கன்றின் வயது, பையின் அளவு, எடுக்கும் எண்ணிக்கை மூன்றையும் பொறுத்து மாறும். வீட்டுக் கொல்லைக்கு இரண்டு கன்று வாங்குபவருக்கும் நாலு ஏக்கருக்கு வாங்குபவருக்கும் ஒரே விலை கிடையாது. மினி லாரி வாடகையும் ஊருக்கு ஊர் வேறு. ஆகவே கூடையில் போட்டு ஆன்லைனில் பணம் கட்டும் ஏற்பாடு தேவையில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டோம். ஆன்லைன் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபையும் வூகாமர்ஸும் அத்தோடு பட்டியலை விட்டுப் போயின. புளி, ராகி மாவு மாதிரி பொட்டலம் கட்டி கூரியரில் அனுப்புகிற சரக்காக இருந்தால் நானே முதலில் அவற்றைத்தான் சொல்லியிருப்பேன். உயிருள்ள செடியை வாங்குபவர் அப்படி வாங்க மாட்டார். பேசுவார், நேரில் வந்து இலையைத் திருப்பிப் பார்ப்பார், அப்புறம்தான் பணம்.

அடிக்கடி மாறுவது இருப்பு. மழை பிடித்துவிட்டால் இமாம்பசந்த் காலையில் இருக்கும், சாயங்காலம் இருக்காது. தீர்ந்ததை அன்றே போட வேண்டும். போடப்போவது அண்ணி. அவர் அதைச் செய்யும் இடம் நிழல்வலைக்குக் கீழே, ஒரு கையில் போனோடு, தமிழில். எனக்கு அளவுகோல் கிடைத்துவிட்டது. எந்த மென்பொருளில் வசதி அதிகம் என்பதை விட, அண்ணி அந்த இடத்தில் நின்றுகொண்டு எதில் சுலபமாக வேலை செய்ய முடியும் என்பதே கேள்வி.

அளவுகோல் இன்னொன்றும் உண்டு: எப்போது வேண்டுமானாலும் மூட்டை கட்டிக்கொண்டு வெளியே வர முடிய வேண்டும். கூகுள் தன் பிசினஸ் புரொஃபைலோடு சேர்த்து இலவச வெப்சைட் வசதி ஒன்று கொடுத்துவந்தது. 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டது. அதை மட்டுமே நம்பியிருந்த கடைகள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. இலவசமோ கட்டணமோ, நாம் எழுதியதை நாமே இறக்கி எடுத்துக்கொள்ள வழி இல்லாத இடத்தில் ஒரு வியாபாரத்தின் முகவரியை வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

பார்த்தவை, தள்ளியவை

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது, பக்கங்களை முன்கூட்டியே தயாரித்து வைத்துவிடும் ஹியூகோ மாதிரியான ஸ்டாட்டிக் முறை. டேட்டாபேஸ் கிடையாது, ஹேக் ஆகும் பயம் மிகக் குறைவு, பக்கம் சட்டென்று திறக்கும். ஆனால் அண்ணியால் அதில் ஒரு வரி மாற்ற முடியாது. எனக்குப் பிடித்தது என்பதற்காக அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. தள்ளிவிட்டேன்.

டுருபல் 2001இல் வந்தது, கெட்டியான மென்பொருள். 8ஆம் பதிப்பிலிருந்து பல மொழி வசதி அதன் உள்ளேயே இருக்கிறது. பல்கலைக்கழகம், அரசுத் துறை அளவுக்குச் சரி. பராமரிக்க விவரம் தெரிந்த ஆள் நிரந்தரமாக வேண்டும். ஒரு நர்சரிக்கு அது தாங்காது.

ஜூம்லா 2005இல் மாம்போ என்ற பழைய மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. இதிலும் பல மொழி வசதி உள்ளேயே உண்டு. எங்களுக்கு அது முக்கியம், காரணம் பிறகு சொல்கிறேன். அதனால் லேப்டாப்பில் நிறுவி முயன்று பார்த்தேன்.

விக்ஸில் ஆரம்பிப்பது மிகச் சுலபம், பார்க்கவும் அழகு. இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் இருக்கும், சொந்த டொமைன் போட முடியாது. கட்டணத் திட்டத்தில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் விக்ஸில் கட்டிய சைட்டை அப்படியே இறக்கி வேறு ஹோஸ்டிங்கில் (சைட்டை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்) ஓட்ட முடியாது. எங்கள் இரண்டாவது அளவுகோலில் அடிபட்டுப்போனது அதனால்தான். தொழில்நுட்பத்துக்கு உதவ ஆளே இல்லாத, நாலு பக்கம் போதும் என்கிற ஒரு கடைக்கு அது நல்ல தேர்வு என்றே இப்போதும் சொல்வேன்.

பிளாகர் கடைசி வரை போட்டியில் இருந்தது. 1999இல் தொடங்கி, 2003இல் கூகுள் வாங்கியது. ஹோஸ்டிங் செலவு இல்லை, பாதுகாப்பை கூகுள் பார்த்துக்கொள்ளும், சொந்த டொமைன் போடலாம், எழுதியதை எல்லாம் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ரகத்துக்கு ஒரு பதிவு, இருப்புக்கு ஒரு லேபிள் என்று வைத்தால் வேலை முடிந்தது.

வேர்ட்பிரஸ் பற்றி ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன், வியாபாரிகள் பலரும் கேட்பதால். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஒரு நிறுவனம் நடத்தும் சேவை. அங்கே கணக்குத் தொடங்கி அவர்கள் இடத்திலேயே சைட் வைத்துக்கொள்வது. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கில் கிடைப்பது மென்பொருள். இலவசமாக இறக்கி, நாம் வாடகைக்கு எடுத்த ஹோஸ்டிங்கில் நிறுவுவது. நான் பேசுவது இரண்டாவதை. மேட் முல்லென்வெக், மைக் லிட்டில் இருவரும் 2003 மே மாதம் வெளியிட்டது, இன்று உலகில் உள்ள வெப்சைட்டுகளில் ஐந்தில் இரண்டுக்கும் மேல் இதில்தான் ஓடுகின்றன. அந்தக் கணக்கு நமக்கு எதற்கு என்றால், நாளைக்கு நான் ஊரில் இல்லாவிட்டாலும் ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ இதைத் தெரிந்த ஒரு ஆள் கிடைப்பார். சின்ன வியாபாரத்துக்கு அது பெரிய பாதுகாப்பு.

அண்ணி கையில் போன்

பிளாகர், ஜூம்லா, வேர்ட்பிரஸ் மூன்றிலும் ஒரே மாதிரி வெள்ளோட்ட சைட் போட்டு, அண்ணியிடம் கொடுத்தேன். மூன்று வேலை. இப்போதே ஒரு கன்றைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். ஒரு ரகத்தை 'இருப்பு இல்லை' என்று மாற்ற வேண்டும். ஒரு விலையைத் திருத்த வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டால் ஒழிய வாய் திறக்கவில்லை.

ஜூம்லாவில் கட்டுரை தனி, அதைச் சுட்டும் மெனு தனி. புதுப் பக்கம் எழுதி முடித்தும் அது சைட்டில் எங்கே இருக்கிறது என்று அண்ணிக்குத் தெரியவில்லை. பழகினால் வரும், ஆனால் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராத ஒருவருக்கு அந்தப் பழக்கம் தங்காது.

பிளாகரில் எல்லாமே சட்டென்று வந்தது. அவருக்கு அதுதான் பிடித்தது. தடுத்தது இரண்டு விஷயம். ஒன்று, தலைப்பைத் தமிழில் வைத்தால் பிளாகர் அந்தப் பதிவின் முகவரியில் தமிழை எடுத்துக்கொள்ளாது. பிளாக்-போஸ்ட் என்று பொதுவாக ஒரு பெயரும் எண்ணும் போட்டுவிடும். வெளியிடும் முன்பே முகவரியை நாமாகக் கொடுத்தால் சரி, மறந்தால், வெளியான பதிவில் அதை மாற்ற முடியாது. ஒவ்வொரு முறையும் அதை நினைவில் வைத்திரு என்று அண்ணியிடம் சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு, மொழி. ஒரே ரகத்துக்குத் தமிழ்ப் பக்கமும் தெலுங்குப் பக்கமும் வைத்து, இரண்டையும் கோத்துவிடுவதற்கு அதில் நேரான வழி இல்லை.

வேர்ட்பிரஸில் முதலில் தயங்கினார். பத்தி, படம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாக்காக அடுக்கும் எடிட்டர், 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்தது, போன் திரையில் கொஞ்சம் நெருக்கடிதான்; எங்கே தொட்டாலும் ஒரு பட்டை எழும்பி வருகிறது. "எதையாவது தொட்டு எல்லாத்தையும் கலைச்சிடுவேனோன்னு பயமா இருக்கு தம்பி" என்றார். நியாயமான பயம். அதைப் போக்க இரண்டு ஏற்பாடு செய்தேன். 6.0 பதிப்பிலிருந்து எந்த பிளாக்கையும் நகராமல், நீங்காமல் பூட்டி வைக்க முடியும்; அமைப்பு முழுவதையும் பூட்டிவிட்டேன், உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் மாற்றலாம். அப்புறம், பழைய வடிவங்களை வேர்ட்பிரஸ் சேமித்து வைத்திருப்பதைக் காட்டினேன். வேண்டுமென்றே ஒரு பக்கத்தை முழுக்க அழித்து, சேமித்து, பழைய வடிவத்துக்குப் போய் ஒரு தட்டில் மீட்டுக் காட்டியதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. அதற்கப்புறம் மூன்று வேலையும் தானே செய்தார்.

முடிவு வேர்ட்பிரஸ். அண்ணிக்கு அட்மின் உரிமை தரவில்லை, எடிட்டர் உரிமைதான். அந்த உரிமையில் பிளகின் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருள்), தீம் (சைட்டின் தோற்றம்) பகுதிகள் கண்ணிலேயே படாது. எழுதலாம், படம் போடலாம், மாற்றலாம். அட்மின் கணக்கு அண்ணன் பேரில் தனியாக இருக்கிறது.

விலைப்பட்டியலை உடைத்தது

பழைய சைட்டில் ரகமும் விலையும் ஒரே நீளமான அட்டவணையாக இருந்தன. போனில் அட்டவணையைத் திருத்துவது யாருக்கும் கஷ்டம். அதனால் ரகத்துக்கு ஒரு பதிவு என்று பிரித்தேன். பெங்களூரா, அல்போன்சா, செந்தூரா, பங்கனப்பள்ளி, நீலம், மல்கோவா, இமாம்பசந்த் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், நாலு வரி, தொடக்க விலை. இருப்புக்கு இரண்டு வகைப்பாடு: 'இப்போது உள்ளது', 'அடுத்த பருவத்தில்'. முகப்புப் பக்கம் முதல் வகைப்பாட்டில் உள்ளதை மட்டும் தானாக எடுத்துக் காட்டும். ஒரு ரகம் தீர்ந்தால் அண்ணி அந்தப் பதிவைத் திறந்து ஒரு டிக்கை எடுத்து இன்னொரு டிக் போடுகிறார். வேறு எங்கும் கை வைக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு ரகத்துக்குக் கீழேயும் வாட்ஸ்அப் பொத்தான். இதற்குப் பிளகின் எதுவும் வேண்டாம், வாட்ஸ்அப்பே தரும் நேரடி லிங்க் போதும். எண்ணுக்கு முன்னால் 91 சேர்க்க வேண்டும். கூட்டல் குறி, பூஜ்யம், இடைவெளி எதுவும் கூடாது. லிங்கோடு முன்கூட்டியே ஒரு செய்தியும் கோக்கலாம். 'மல்கோவா கன்று பற்றிக் கேட்க வேண்டும்' என்று எழுதி வைத்தால், அழுத்துபவர் அனுப்பினால் போதும், எந்த ரகம் என்று அண்ணிக்கு முதலிலேயே தெரிந்துவிடும். தொடர்புப் படிவம் வைக்கவில்லை. சாதாரண ஹோஸ்டிங்கிலிருந்து வேர்ட்பிரஸ் அனுப்பும் மெயில் பெரும்பாலும் ஸ்பாமில் விழும். அதை முறையாகச் சரிசெய்ய முடியும் என்றாலும், அண்ணி மெயிலே பார்ப்பதில்லை. பார்க்காத பெட்டி வாசலில் எதற்கு?

தமிழால் வந்த வேலைகள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலச் சைட்டை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. தமிழ்ச் சைட் செய்பவருக்கு வரும் சிக்கல் அவற்றில் இருக்காது.

முதலில் முகவரி. வேர்ட்பிரஸ் பதிவின் தலைப்பிலிருந்து முகவரியைத் தானே உருவாக்கும், தமிழையும் ஏற்கும். பிரௌசரில் பார்க்க அழகாகத் தமிழிலேயே தெரியும். ஆனால் உள்ளுக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் (கம்ப்யூட்டர் சேமிக்கும் அலகு). ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். 'மாங்கன்று' என்பதில் கால், புள்ளி, கொக்கி எல்லாம் சேர்த்து ஒன்பது குறிகள். முகவரியில் அது 81 இடம் பிடிக்கும். வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு ஒதுக்கியிருப்பது மொத்தம் 200. 'இமாம்பசந்த் மாங்கன்று விலை' என்று தலைப்பு வைத்தால் 'இமாம்பசந்த்' 99, நடுவில் கோடு 1, 'மாங்கன்று' 81, கோடு 1. மிச்சம் 18 இடம். 'விலை' என்பதில் 'வி' மட்டும் உள்ளே போகும், 'லை' வெட்டுப்படும். அது கூடப் பரவாயில்லை. அந்த லிங்கை நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் சதவீதக் குறிகளாக ஏழெட்டு வரி வருகிறது. வாங்குபவர் அதை மோசடி லிங்க் என்று நினைத்துத் தொடவே பயப்படுவார். அதனால் தலைப்பு தமிழில், முகவரி மட்டும் ரோமன் எழுத்தில் ரகத்தின் பெயர் என்று வைத்தேன். ரகங்கள் புதிதாகச் சேர்வது அபூர்வம் என்பதால் இதை நானே எல்லாவற்றுக்கும் முதலிலேயே செய்துவிட்டேன்.

டொமைனும் அதே காரணத்தால் ரோமனில்தான். தமிழில் .இந்தியா முகவரி வாங்க முடியும், எனக்கு ஆசையும் இருந்தது. ஆனால் நர்சரிக்கு குப்பம், சித்தூர், கோலார் பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். போனில் சொன்னால் அவர்களால் அடிக்க முடிய வேண்டும்.

அடுத்து பாமினி. ரகங்களைப் பற்றி அண்ணன் நோட்டீஸ் அடித்திருந்தார். அந்தக் கோப்பு டி.டி.பி. சென்டரிலிருந்து கிடைத்தது. திறந்து நகல் எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது, எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி படிக்கும் யூனிகோடு முறை இல்லை. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, அதில் போட்டு எடுத்தேன். ஆனால் மாற்றியதை அப்படியே நம்பக் கூடாது. பழைய எழுத்துருக்களில் ரகரமும் காலும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். அடிப்பவர் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டிருந்தாலும் காகிதத்தில் தெரியாது. யூனிகோடுக்கு வந்ததும் 'செந்தூரா' சில இடத்தில் 'செந்தூரர' என்று நின்றது. ஔகாரம் வரும் இடங்களும் இப்படியே. இது எழுத்துப்பிழை மட்டுமில்லை. சரியாக 'செந்தூரா' என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் கிடைக்காது. ரகத்தின் பெயர் ஒவ்வொன்றையும் நானும் அண்ணியும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தோம்.

மூன்றாவது எழுத்துரு. தீம்களோடு வரும் அழகான எழுத்துருக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மட்டுமானவை. தமிழ் வரும் இடத்தில் அந்தந்தப் போனில் உள்ள ஏதோ ஒன்று வந்து நிற்கும். ஒரு வரிக்குள்ளேயே எண்கள் ஒரு மாதிரி, எழுத்து ஒரு மாதிரி. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் முக்தா மலரை இறக்கி, வேர்ட்பிரஸ் 6.5இல் வந்த எழுத்துரு நூலகத்தில் ஏற்றினேன். தடித்த எழுத்துக்கு அதன் தடித்த வடிவத்தையும் தனியாக ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் பிரௌசர் சாதாரண எழுத்தையே மையைத் தடவிய மாதிரி பருமனாக்கும்; ண, ஞ இவற்றின் சுழி அடைபட்டுவிடும். வரி இடைவெளியை 1.8 ஆக்கினேன். ஆங்கிலத்துக்கு 1.5 போதும், நமக்கு மேலே விசிறியும் கீழே கொக்கியும் இருப்பதால் வரிகள் உரசும். தலைப்புகளில் எழுத்துகளை நெருக்கி வைக்கும் அமைப்பு சில தீம்களில் இருக்கும். தமிழில் அது எழுத்தின் மேல் எழுத்து ஏறுவதில்தான் முடியும். பூஜ்யத்தில் வையுங்கள்.

படங்கள் விஷயத்தில் அதிகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. போனில் எடுக்கும் படம் எவ்வளவு பெரிதானாலும் வேர்ட்பிரஸ் 2560 பிக்சலுக்குச் சுருக்கி, அதிலிருந்து சின்ன அளவுகளையும் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஹோஸ்டிங்கில் கோப்பு ஏற்றும் வரம்பு மட்டும் 2 எம்.பி. என்று இருந்தது, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பி.எச்.பி.யின் இயல்பான அளவு அது. அதைக் கூட்டினால் போதும்.

தெலுங்கு

கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். இங்கே வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற, படித்தது தமிழில் என்கிற குடும்பங்கள் ஏராளம். அண்ணனும் அப்படித்தான். தெலுங்கில் மணிக்கணக்காகப் பேசுவார், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. வரும் விவசாயிகளுக்கோ தெலுங்கில் எழுதியிருந்தால்தான் வசதி.

இலவச பாலிலாங் பிளகினைப் போட்டேன். ஒவ்வொரு பதிவுக்கும் மொழி குறித்து, அதன் மறுமொழிப் பக்கத்தோடு கோத்துவிடலாம். எல்லாவற்றையும் மொழிபெயர்க்கவில்லை. முகப்பு, ரகப் பட்டியல், வரும் வழி, நடவுக் குறிப்பு மட்டும். அண்ணன் தெலுங்கில் சொல்லச் சொல்லக் குரல் பதிவு செய்து, அதை எழுத்தாக்கி, குப்பத்திலிருந்து வழக்கமாக வரும் ஒரு விவசாயிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அவர் பார்த்துத் திருத்தி, இடைவெளியை மீட்டரில் சொன்னால் பலருக்குப் பிடிபடாது, அடியிலும் போடுங்கள் என்று சேர்த்துச் சொன்னார். நல்ல யோசனை. தமிழ்ப் பக்கத்திலும் அடிக் கணக்கைச் சேர்த்துவிட்டோம்.

செலவும் பராமரிப்பும்

ஹோஸ்டிங் வாங்கும்போது பெரிய எழுத்தில் போட்டிருக்கும் முதல் வருட விலையைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைத் தேடிப் பாருங்கள். அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும். அந்தத் தொகையை அண்ணனிடம் முன்பே சொல்லி, சரி என்ற பிறகுதான் வாங்கினோம். சர்வர் மும்பையில் உள்ளதாகத் தேர்ந்தெடுத்தோம். டொமைன் அண்ணன் பேரில், அண்ணன் மெயிலில், அண்ணன் போன் எண்ணில். ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே கட்டிவிட்டார்.

வேர்ட்பிரஸைக் குறை சொல்பவர்கள் முதலில் சொல்வது ஹேக் ஆகும் என்பது. பெரும்பாலும் ஓட்டை விழுவது பழைய பிளகின்களிலும், காசு கொடுக்காமல் எங்கிருந்தோ எடுத்துப் போடும் திருட்டுத் தீம்களிலும்தான். அதனால் பிளகின்களைக் குறைவாக வைத்தேன்: மொழிக்கு பாலிலாங், பேக்கப்புக்கு அப்டிராஃப்ட்பிளஸ், வேகத்துக்கு ஒரு கேஷ் பிளகின். தீம் வேர்ட்பிரஸே தரும் ட்வென்டி ட்வென்டி-ஃபோர். பக்கத்தை இழுத்துப் போட்டு வடிவமைக்கும் பேஜ் பில்டர் எதையும் சேர்க்கவில்லை. சில பில்டர்களை நீக்கினால் பக்கம் முழுக்க அதன் குறியீடுகள்தான் மிஞ்சும், அப்புறம் அதை விட்டு வெளியேறவே முடியாது. எல்லாவற்றுக்கும் தானியங்கி அப்டேட் போட்டிருக்கிறேன். வாரா வாரம் பேக்கப் அண்ணனின் கூகுள் டிரைவுக்குப் போகிறது. அதிலிருந்து ஒரு பேக்கப்பை எடுத்து என் லேப்டாப்பில் மீட்டுப் பார்த்து, முழு சைட்டும் எழுந்து நிற்கிறது என்று உறுதி செய்த பிறகே வேலை முடிந்தது என்று சொன்னேன். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் எடுப்பதில்லை.

டொமைன், ஹோஸ்டிங், லாகின், புதுப்பிக்க வேண்டிய மாதம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, நர்சரியின் கணக்குப் புத்தகத்தில் ஒட்டியிருக்கிறோம். ஆண்டுதோறும் கிருஷ்ணகிரியில் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சிக்கு வருபவர்களிடம் கொடுக்கச் சின்ன அட்டை அடித்து, அதில் கியூ.ஆர். குறியும் போட்டாயிற்று, இந்த முறை அட்டைக்கான எழுத்தை யூனிகோடிலேயே கொடுத்தோம்.

கன்னடப் பக்கம் பாக்கி இருக்கிறது. ஸ்ரீனிவாசபுரம் பக்கமிருந்து வரும் வாடிக்கையாளர் ஒருவர் படித்துத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் அனுப்பியதும் பாலிலாங்கில் மூன்றாவது மொழியாகச் சேர்த்துவிடுவேன்.